கோக்கா, பெப்ஸியா? தண்ணீர் சுமப்பவர் கதை

அந்தமானில் குடியிருப்பவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கே எந்தப் பொருளுக்கும் இரண்டு விலை. ஒன்று பொருளின் விலை, இன்னொன்று அது கடல் தாண்டி வந்த விலை. அரிசி, பருப்பு, சிமெண்ட், கம்பி என்று பெரும்பாலானவை சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ விசாகப்பட்டினத்திலிருந்தோ கப்பலில்தான் வருகின்றன. சென்னையிலிருந்து கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர். கடல் நல்லபடியாக இருந்தால் பயணிகள் கப்பலுக்கே இரண்டரை, மூன்று நாள்.

இந்தக் கணக்கில் குளிர்பானம் ஒரு வேடிக்கையான சரக்கு. அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மீதி சர்க்கரை, வாயு, துளி எசன்ஸ். அதாவது, வருடத்தில் ஏழெட்டு மாதம் மழை கொட்டும் தீவுக்கு, மெயின்லேண்டிலிருந்து தண்ணீர் கப்பலேறி வருகிறது! அபர்தீன் பஜாரில் இளநீர்க் குவியலுக்குப் பக்கத்திலேயே கோலா பாட்டிலும் நிற்கிறது. இதைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் பங்குச் சந்தையில் கோக், பெப்ஸி இரண்டையும் ஒப்பிட இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம், என்னோடு வேலை செய்யும் தூத்துக்குடி அண்ணாச்சி ஒருவர். 2020 ஆகஸ்டில் சென்னை-அந்தமான் கடலடி கேபிள் வந்த பிறகுதான் இந்த ஊரில் இணையம் இணையமாக இருக்கிறது. அதற்கு முன் எல்லாம் சாட்டிலைட் புண்ணியம். வாங்க பட்டனை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போகலாம் :-) இப்போது அண்ணாச்சி கையிலும் டீமேட் கணக்கு. மகள் ஒன்பதாம் வகுப்பு. பிளஸ் டூ முடித்ததும் சென்னைக்கோ கோவைக்கோ படிக்க அனுப்ப வேண்டும். அதற்குச் சேர்த்து வைத்த பணத்தை நீட்டிக்கொண்டு, "தம்பி, வெளிநாட்டுப் பங்கெல்லாம் இப்ப நாமளே வாங்கலாமாமே. கோக்கா பெப்ஸியா, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமா இது? 125 வருடக் கதை. சொல்கிறேன்.

ஒரு டாலர் ஒப்பந்தம்

1886ல் அட்லாண்டாவில் பிறந்தது கோகோ கோலா. முதலில் அது சோடாக் கடையில் கலந்து கொடுக்கும் பானம்தான். 1899ல் பெஞ்சமின் தாமஸ், ஜோசஃப் வைட்ஹெட் என்று இரண்டு வக்கீல்கள் கம்பெனி முதலாளி ஆசா காண்ட்லரிடம் வந்து, இதைப் பாட்டிலில் அடைத்து விற்கும் உரிமை கேட்டார்கள். காண்ட்லருக்கு அதில் நம்பிக்கை இல்லை. அமெரிக்காவின் பெரும்பகுதிக்குமான உரிமையை ஒரே ஒரு டாலருக்குக் கொடுத்தார்.

படிப்பவர்களுக்கு இது முட்டாள்தனமாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்த ஒரு டாலரில் காண்ட்லர் விற்றது எதை? பாட்டில் வாங்குவது, கழுவுவது, தண்ணீர் நிரப்புவது, வண்டியில் ஏற்றுவது, உடைந்ததை எண்ணுவது, கடை கடையாகக் கடன் வசூலிப்பது. இத்தனை தலைவலியையும் விற்றார். தன் கையில் வைத்துக்கொண்டது சிரப்பும் பெயரும் மட்டும். சில கேன் எசன்ஸ் போனால் அந்தப் பக்கம் பல லாரி பாட்டில் வெளியே வரும். லாரிச் செலவு அடுத்தவருடையது.

ஆக, குளிர்பான வியாபாரம் என்பது ஒன்றல்ல, இரண்டு. எசன்ஸ் விற்பவர் ஒருவர், தண்ணீர் சுமப்பவர் இன்னொருவர். முதலாமவருக்கு முதலீடு குறைவு, லாப விகிதம் அதிகம். இரண்டாமவருக்கு தொழிற்சாலை, லாரி, ஃப்ரிட்ஜ் என்று காசு போய்க்கொண்டே இருக்கும். இது தலையில் ஏறிவிட்டால் பாதி கதை முடிந்தது.

கோக் 1919ல் 40 டாலருக்குப் பங்கு வெளியிட்டது. அடுத்த வருடக் கடைசியில் அது 20 டாலருக்கும் கீழே. முதல் உலகப் போருக்குப் பின் சர்க்கரை விலை ஏறி விழுந்ததில் கம்பெனி ஆடிப்போயிருந்தது. அந்த நேரத்தில் பயந்து விற்றவர்கள் எத்தனையோ பேர். ஆனால் புளோரிடாவில் க்வின்சி என்ற சிற்றூரில் பாட் மன்ரோ என்று ஒரு வங்கிக்காரர் இருந்தார். கையில் கடைசிக் காசு இருந்தாலும் ஜனங்கள் கோக் குடிக்கிறார்கள் என்று கவனித்தவர். ஊரில் விவசாயிகளுக்கெல்லாம் "கோக் பங்கு வாங்கு, விற்காதே" என்று சொல்லிச் சொல்லியே வாங்க வைத்தார். அந்தச் சின்ன ஊரிலிருந்து டஜன் கணக்கில் லட்சாதிபதிகள் கிளம்பினார்கள். டாலர் லட்சாதிபதிகள்.

இரண்டு முறை திவாலான எதிரி

பெப்ஸிக்கு இந்த ராசி இல்லை. 1898ல் வட கரோலினாவில் கேலப் பிராடம் என்ற மருந்துக் கடைக்காரர் பெயர் சூட்டிய பானம். அதே சர்க்கரை விலைதான் அவரைக் கவிழ்த்தது. விலை ஏறும் என்று வாங்கிக் குவித்தார், விலை விழுந்தது, 1923ல் திவால். அடுத்து வந்தவர்களும் 1931ல் திவால். அதன் பிறகு சார்லஸ் கத் என்பவர் கையில் வந்து, கோக் ஆறரை அவுன்ஸ் கொடுக்கும் அதே ஐந்து சென்ட்டுக்கு 12 அவுன்ஸ் கொடுத்துத்தான் நிமிர்ந்தது.

அந்தக் குணம் இன்றைக்கும் பெப்ஸியிடம் இருக்கிறது. கோலாவில் கோக்கை முழுசாக ஜெயிக்க முடியாது என்று தெரிந்துகொண்ட கம்பெனி அது. 1965ல் ஃப்ரிட்டோ-லே சிப்ஸ் கம்பெனியோடு இணைந்தது. பிட்ஸா ஹட், கேஎஃப்சி எல்லாம் வாங்கி, 1997ல் அவற்றைத் தனியாகப் பிரித்துவிட்டது. 2001ல் க்வேக்கர் ஓட்ஸ், கேட்டரேட் வந்தது. 2005 டிசம்பரில் முதல் முறையாக பெப்ஸிகோவின் மொத்தச் சந்தை மதிப்பு கோக்கைத் தாண்டியது. (அடுத்த வருடம் நம்ம சென்னைப் பெண் இந்திரா நூயி அதன் தலைமைக்கு வந்தார். 2018 வரை இருந்தார்.) பிறகு கோக் மீண்டும் முந்தியது வேறு கதை.

1977: நமக்கு வராமல் போன பங்கு

இனி இந்தியாவுக்கு வருவோம். இந்தப் பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

1973ல் வந்த அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி பெரும்பாலான வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்கே 40 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்துக்கொள்ள முடியாது. மீதியை இந்தியர்களுக்கு விற்க வேண்டும். கோல்கேட், காட்பரி எல்லாம் அப்படித்தான் 1978 வாக்கில் பங்குகளை வெளியிட்டன. அப்போது வெளியீட்டு விலையைக் கம்பெனி வைக்க முடியாது, மத்திய அரசின் அதிகாரி நிர்ணயிப்பார். அவர் வைத்ததோ கஞ்ச விலை. அன்று விண்ணப்பம் போட்டு, கிடைத்த பத்து இருபது பங்கைப் பெட்டியில் வைத்து மறந்துபோன குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் பின்னாளில் அதில் வீடு கட்டினார்கள், பெண்ணுக்குக் கல்யாணம் செய்தார்கள்.

கோக் என்ன செய்தது? தண்ணீர் சுமக்கும் பக்கத்தில் இந்தியர்களுக்குப் பெரும்பங்கு தருகிறேன், ஆனால் எசன்ஸும் தரக் கட்டுப்பாடும் என் கையில்தான் இருக்கும் என்றது. ஜனதா ஆட்சியின் தொழில் அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் ஒத்துக்கொள்ளவில்லை. கோக் மூட்டையைக் கட்டியது. ஃபார்முலாவைக் கேட்டதால் ஓடிப்போனார்கள் என்று நாம் கதையாகக் கேட்டிருக்கிறோம். அதன் உள்ளே இருப்பது 1899ன் அதே கணக்குதான். தலைவலியைக் கொடுப்பார்கள், சிரப்பைக் கொடுக்க மாட்டார்கள்.

அரசாங்கம் தன் பங்குக்கு மைசூர் ஆராய்ச்சிக் கூடத்தின் ஃபார்முலாவில் 'டபுள் செவன்' என்று ஒரு பானம் விட்டது. நிற்கவில்லை. பார்லேயின் தம்ஸ் அப்பும், முன்பு கோக்குக்கே பாட்டில் நிரப்பிய ப்யூர் டிரிங்க்ஸின் காம்ப்பா கோலாவும் அந்த இடத்தைப் பிடித்தன. நம்ம பக்கம் கேட்கவே வேண்டாம், 1916ல் விருதுநகரில் ஆரம்பித்த காளிமார்க்கின் பொவோன்டோ. கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் கையில் கொடுப்பார்களே, அதேதான்.

யோசித்துப் பாருங்கள். கோல்கேட் மாதிரி கோக்கும் அன்று தலையாட்டியிருந்தால், கோகோ கோலா இந்தியா என்று ஒரு பங்கு பம்பாய்ச் சந்தையில் 1978லிருந்து இருந்திருக்கும். அந்தப் பக்கம் காலியாகவே போனது. அதே 1977ல் தன் முதல் பங்கு வெளியீட்டை நடத்திய இன்னொரு கம்பெனி ரிலையன்ஸ். 45 வருடம் கழித்து, 2022ல், காம்ப்பா பிராண்டை அந்த ரிலையன்ஸே வாங்கி மறுபடி கடைக்குக் கொண்டுவந்தது. வரலாற்றுக்கும் கொஞ்சம் நகைச்சுவை உண்டு.

பின்வாசலில் பெப்ஸி, முன்வாசலில் கோக்

1988ல் அனுமதி வாங்கி, 1990ல் 'லெஹர் பெப்ஸி' என்ற பெயரில் கடைக்கு வந்தது பெப்ஸி. கூட்டாளிகள் பஞ்சாப் அரசின் வேளாண் தொழில் கழகமும் டாட்டாவின் வோல்டாஸும். தக்காளி பதப்படுத்துவேன், உருளைக்கிழங்கு வாங்குவேன், ஏற்றுமதி செய்வேன் என்று வாக்குறுதி மேல் வாக்குறுதி. மொத்த விற்பனையில் கால் பங்குக்கு மேல் குளிர்பானம் இருக்கக் கூடாது என்றெல்லாம் நிபந்தனை. 1991க்குப் பிறகு கதவு திறந்ததும் கூட்டாளிகளின் பங்கையும் வாங்கிக்கொண்டு தனியாளானது.

1993ல் கோக் திரும்பியது. வந்ததுமே ரமேஷ் சௌஹானிடமிருந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட், மாஸா பிராண்டுகளை வாங்கியது. சொந்தமாகப் பாட்டிலிங் தொடங்க 1997ல் கிடைத்த அனுமதியில், ஐந்து வருடத்துக்குள் 49 சதவீதத்தை இந்தியர்களுக்குத் தர வேண்டும் என்று இருந்தது. அண்ணாச்சி மாதிரி ஆட்கள் விண்ணப்பம் போடும் பொது வெளியீடாக அது வரவில்லை. 2024 டிசம்பரில் அதன் பாட்டிலிங் நிறுவனத்தில் 40 சதவீதத்தை விற்க ஒப்பந்தமானபோதும், வாங்கியது ஜூபிலண்ட் பார்த்தியா என்ற பெரிய தொழில் குடும்பம்.

சரி, எண்களைப் பார்ப்போம்

2023 கணக்கு. பெப்ஸிகோவின் விற்பனை சுமார் 9,150 கோடி டாலர். கோக்கின் விற்பனை சுமார் 4,580 கோடி டாலர், சரியாகப் பாதி. ஆனால் இயக்க லாபம்? பெப்ஸிக்குச் சுமார் 1,200 கோடி, கோக்குக்குச் சுமார் 1,130 கோடி. பாதி விற்று, ஏறக்குறைய அதே லாபம். இதுதான் எசன்ஸ் விற்பவருக்கும் லாரி ஓட்டுபவருக்கும் உள்ள வித்தியாசம். பெப்ஸி சிப்ஸ் சுடுகிறது, ஓட்ஸ் அரைக்கிறது, 2010ல் தன் பெரிய அமெரிக்க பாட்டிலர்களையும் வாங்கிச் சேர்த்துக்கொண்டது. கோக்கும் அதே வருடம் அப்படி வாங்கியது, ஆனால் 2017க்குள் மறுபடி மற்றவர்கள் தலையில் கட்டிவிட்டது.

அப்படியானால் கோக்தானே? அவசரப்படாதீர்கள்.

வாரன் பஃபெட் 1988ல் கோக் வாங்க ஆரம்பித்தார். 1994 வரை போட்டது மொத்தம் 130 கோடி டாலர். இன்றைய கணக்கில் 40 கோடி பங்குகள். 2024ல் ஒரு பங்குக்கு 1.94 டாலர் டிவிடெண்ட். பெருக்கினால் 77 கோடி டாலருக்கு மேல். போட்ட முதலில் பாதிக்கு மேல் ஒரே வருட டிவிடெண்டாக வருகிறது! இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள்.

சொல்லாத கதை 1998. அந்த வருடம் கோக் பங்கு 88 டாலரைத் தொட்டது (பின்னாளில் ஒன்று இரண்டானதால் இன்றைய கணக்கில் 44). அந்த வருட லாபத்தைப் போல அறுபது மடங்கு விலை. கம்பெனி ஒன்றும் கெட்டுவிடவில்லை. அதே எசன்ஸ், அதே பெயர். ஆனால் அன்று வாங்கியவர் அந்த விலையை மறுபடி பார்க்க 2014 ஆயிற்று. பதினாறு வருடம்! நடுவில் டிவிடெண்ட் வந்தது, அவ்வளவுதான். அதே காலத்தில் பெப்ஸி இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. நல்ல கம்பெனியைத் தப்பான விலைக்கு வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

சுமந்தவருக்கு அடித்த யோகம்

இன்னொரு திருப்பம் இருக்கிறது. பெப்ஸிக்கு இங்கே பாட்டில் நிரப்பும் வருண் பெவரேஜஸ், ரவி ஜெய்ப்புரியாவின் கம்பெனி, 2016ல் 445 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. சந்தையில் பட்டியலான நாள் 2016 நவம்பர் 8. ஆமாம், அன்று ராத்திரிதான் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு. இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா என்ன!

2019ல் தென்னிந்தியா, மேற்கு இந்தியாவில் பெப்ஸி தானே நடத்திய பாட்டிலிங்கும் இவர்களிடம் வந்தது. பெப்ஸியின் இந்திய குளிர்பான விற்பனையில் 90 சதவீதத்துக்கு மேல் இப்போது இவர்கள் கையில். 2019, 2021, 2022ல் இரண்டுக்கு ஒன்று போனஸ். 2023ல் பத்து ரூபாய் முகமதிப்பு ஐந்தானது, 2024ல் ஐந்து இரண்டானது. கணக்குப் போட்டால் அன்றைய ஒரு பங்கு கிட்டத்தட்ட 17 ஆகிறது. அதாவது அடக்க விலை 26 ரூபாய் சொச்சம். 2024 நவம்பரில் கம்பெனி பெரிய முதலீட்டாளர்களுக்குப் புதுப் பங்கு விற்ற விலை 565 ரூபாய்.

அப்போ தண்ணீர் சுமப்பது மட்டமான தொழில் என்றது என்ன ஆச்சு? தொழில் அதேதான், இடம்தான் வேறு. அமெரிக்காவில் குடிப்பவர்கள் குடித்துக்கொண்டே இருந்தவர்கள், கூட்ட இடமில்லை. இங்கே கிராமத்துக்குக் கரண்ட் வந்து, பெட்டிக்கடைக்கு ஃப்ரிட்ஜ் வந்து, விற்பனை புதிதாக வளர்ந்தது. வளரும் ஊரில் லாரி வைத்திருப்பவனுக்கும் யோகம் உண்டு.

ஆனால் 565 ரூபாய் என்பது 2024 லாபத்தைப் போலச் சுமார் 70 மடங்கு. 1998 ஞாபகம் வருகிறதா? 2025ல் கோடை மழை முன்னாலேயே வந்து விற்பனையைக் குறைத்தது, காம்ப்பா பத்து ரூபாய் பாட்டிலோடு நெருக்கியது, பங்கு இறங்கியது. ஆபத்து வேறு திசைகளிலிருந்தும் வரும். 2003ல் பூச்சிமருந்து அறிக்கை, 2004ல் பிளாச்சிமடையில் மூடிய கோக் ஆலை, 2017 மார்ச்சில் தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் இரண்டு பானத்தையும் விற்க மாட்டோம் என்றது. எசன்ஸைப் பூட்டி வைக்கலாம். நிலத்தடி நீரும் ஜனங்களின் கோபமும் அடுத்தவர் தலையில் கட்ட முடியாத சரக்கு.

அண்ணாச்சிக்கு என்ன சொன்னேன்?

வெளிநாட்டுப் பங்கை நாமே வாங்க 2004லேயே ரிசர்வ் வங்கி வழி திறந்துவிட்டது. கோக் 60 வருடத்துக்கு மேலாக, பெப்ஸி 50 வருடத்துக்கு மேலாக ஆண்டுதோறும் டிவிடெண்டை உயர்த்தி வந்திருக்கின்றன. டிவிடெண்டில் 25 சதவீதத்தை அமெரிக்கா பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுக்கும். டாலர் 2004ல் 45 ரூபாய், 2024 கடைசியில் 85. அந்த ஏற்றமும் சேர்ந்து கிடைக்கும். வயதான காலத்துக்கு என்றால் மோசமில்லை.

ஆனால் அண்ணாச்சியின் பணத்துக்கு மூன்று வருடத்தில் கப்பல் டிக்கெட் போட்டாயிற்று. கல்லூரிக்காரன் "பங்கு இறங்கியிருக்கிறது, பொறுங்கள்" என்றால் பொறுக்க மாட்டான். பஃபெட்டுக்கு முப்பது வருடம் காத்திருக்க முடியும், க்வின்சி விவசாயிக்கு நிலம் இருந்தது. "இந்தப் பணத்துக்கு கோக்கும் வேண்டாம், பெப்ஸியும் வேண்டாம், தபால் ஆபீஸ் போதும் அண்ணாச்சி. மாசாமாசம் சம்பளத்தில் மிஞ்சுவதை வேண்டுமானால், அவள் படிப்பைத் தாண்டி, உங்களுக்காகப் பங்கில் போடுங்கள்" என்றேன். முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று. இருந்தாலும் அடுத்த வாரமே தபால் ஆபீஸ் போய்விட்டு வந்து ரசீதைக் காட்டினார்.

இரண்டு கம்பெனியையும் ஒப்பிட்டுப் படிப்பதில் எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். நாக்கு சொல்வதை வைத்துப் பங்கு வாங்கக் கூடாது. யார் எசன்ஸ் விற்கிறார், யார் தண்ணீர் சுமக்கிறார், அந்த ஊர் வளர்கிறதா, அதற்கு என்ன விலை கேட்கிறார்கள், நம்மால் எத்தனை வருடம் காத்திருக்க முடியும். இந்த ஐந்துக்கும் பதில் எழுதிப் பார்த்தால், கோக்கா பெப்ஸியா என்ற கேள்வி பாதி நேரம் தானே கரைந்துவிடும்.

டிஸ்கி: இது வரலாறு மட்டுமே, பரிந்துரை இல்லை. இந்த மூன்று பங்கில் ஒன்றுகூட என்னிடம் கிடையாது. பொவோன்டோ மட்டும் பங்கு வெளியிட்டால் நடுநிலைமையைக் காப்பாற்றிக்கொள்வேன் என்று சத்தியம் செய்ய முடியாது :-)